பச்சைத் திரை

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று ஐசில்டா காது கொடுத்துக் கேட்டாள். ஒரு சொட்டு, ஒரு முனகல், மறுபடி ஒரு சொட்டு.

“உள்ள போயி அரை மணி ஆச்சு, வெர்னல். இன்னும் எத்தனை மாசம் இப்படி நிப்பே?”

“கதவுக்கிட்ட உனக்கென்ன வேலை? போய்க் கஞ்சியப் பாரு.”

“டாக்டர்கிட்ட போயேன்.”

“அவன் விரல் விட்டுப் பாப்பான். அதுக்கு நான் செத்தே போறேன்.”

வெர்னல் அந்த மலையூரின் பெரிய கொத்தனார். சிமெண்டு மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்குகிறவன். எங்கள் ஜமைக்காவில் ஆண்பிள்ளைக்கு இதயம் கெடலாம், ஈரல் கெடலாம், இடுப்புக்குக் கீழே மட்டும் எதுவும் கெடக்கூடாது. கெட்டால் கசப்பு வேர்க் கஷாயத்தைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவனும் பாட்டில் பாட்டிலாகக் குடித்தான். சிறுநீரில் ரத்தம் வந்த பிறகுதான் வழிக்கு வந்தான். பல் பிடுங்கப் போவதாக ஊரில் சொல்லிவிட்டு, மாண்டவில் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒரு வியாழக்கிழமை போனான். ஐசில்டாவை வெளிவாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டான்.

அன்று சாப்பிட்டு முடித்தபின் அவனாகவே பேசினான். “ஒரு பச்சைத் திரை கட்டியிருக்கான். அதுக்குப் பின்னாடி ஒரு கட்டில். ஒரு நிமிஷந்தான் ஐசி, முடிஞ்சிடுச்சு. இதுக்கா இவ்வளவு பயந்தேன்? அடுத்த வியாழன் துளி சதை எடுத்துப் பாக்கணுமாம். நேரத்தோட வந்துட்டே, பொழச்சுக்குவேன்னு டாக்டர் சொன்னாரு.”

ஐசில்டா பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை வழக்கம்போல் சாராயக் கடை வாசலில் டோமினோ கட்டை ஆட்டம். நான்கு பேர், இரண்டு ஜோடி. ஜோடி என்பவன் எதிரே உட்காருவான். வெர்னலுக்கு எதிரே உட்காருகிறவன் லாசல்ஸ், இருபது வருஷப் பழக்கம். அன்று அவன் உட்காராமல் நின்றபடியே கேட்டான்.

“பல்லு எப்படி இருக்கு, பாஸ்? மாண்டவில்ல இப்பல்லாம் பச்சைத் திரைக்குப் பின்னாடி வச்சுத்தான் புடுங்குறாங்களாமே, அதுவும் பின்பக்கமா?”

கடையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

“இவன் எதிர்ல உக்காந்தா என்னையும்ல ஆம்பளையான்னு சந்தேகப்படுவாங்க” என்று லாசல்ஸ் நாற்காலியை இழுத்துக்கொண்டு நகர்ந்தான். வேறு யாரும் அந்த இடத்துக்கு வரவில்லை. ஜோடி இல்லாதவனுக்கு ஆட்டமும் இல்லை.

லாசல்ஸ் கேட்டதை ஐசில்டாவிடம் சொல்லிவிட்டு, வெர்னல் அடுத்த வியாழன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ஐசில்டா காலைப் பிடித்துக் கெஞ்சியும் அசையவில்லை. நோய் முதுகெலும்புக்கு ஏறியது. மூட்டை தூக்கியவனைப் புரட்டிப் போட இரண்டு பெண்கள் வேண்டியிருந்தது. நண்பர்கள் எட்டிப் பார்க்கவில்லை. வேர்க் கஷாயம் மட்டும் கொடுத்தனுப்பினார்கள். அதுதான் அவர்கள் காட்டிய இரக்கம்.

அவன் செத்த ஒன்பதாம் நாள், துக்க விருந்துக்குப் பொழுது சாய்கையில் முற்றம் நிறைந்தது. வறுத்த மீன், ரொட்டி, வெள்ளை ரம், டோமினோ மேசை. வெர்னலின் நாற்காலி வழக்கப்படி காலியாக இருந்தது. அதன் முன்னே அவன் பங்கு ரம். எதிரே லாசல்ஸ் எழுந்து கோப்பையைத் தூக்கினான்.

“முதுகுவலி கொண்டு போயிடுச்சு. ஆனா ஆம்பளையாப் போனான்.”

“முதுகுவலி இல்ல” என்றாள் ஐசில்டா. “புராஸ்டேட் கேன்சர். லாசல்ஸ், பச்சைத் திரைன்னு உனக்கு யார் சொன்னது?”

“ஊர்ல பேசிக்கிட்டாங்க, மிஸ் ஐசில்டா.”

“பொண்டாட்டி என்னையே உள்ள விடல. அவரும் என்னைத் தவிர யார்கிட்டயும் சொல்லல. அந்தக் கட்டில்ல படுத்தவனுக்குத்தான் அந்தத் திரை தெரியும். அவரு பேரக் கூப்பிட்டப்போ நீ அதுக்குப் பின்னாடி கால்சட்டைய மாட்டிக்கிட்டு நின்னே, இல்லையா?”

பாம்பின் கால் பாம்பறியும். லாசல்ஸ் தூக்கிய கோப்பையைக் கீழே வைத்தான்.

டோமினோ மேசையில் பக்கத்தில் இருந்த ஹோப்டன் மெல்ல எழுந்தான். “அப்ப நீயும் அங்க...” என்று இழுத்தவன், டோமினோக் கட்டை தொட்ட கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். நான்காவது ஆட்டக்காரனும் எழுந்துவிட்டான். நண்பனைக் கொன்றவன் என்று யாரும் விலகவில்லை. திரைக்குப் பின்னால் படுத்தவன் என்றுதான் விலகினார்கள்.

லாசல்ஸ் ஐசில்டாவைப் பார்த்துச் சொன்னான். “இதே நோய்க்கு எட்டு வருஷமா அங்க போய்த்தான் உயிரோட இருக்கேன். அவன் என்னைப் பாத்திருப்பானோன்னு பயம். அவன் சொல்றதுக்கு முன்னாடி நான் முந்திக்கிட்டேன். இனிமே எப்படி அங்க போவேன்?”

போகாமலே கிடந்து அழுகட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு இனிக்கவும் செய்தது. பிறகு ரம் கோப்பையை ஓரமாக நகர்த்திவிட்டு, வெர்னலின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“கட்டையக் கலை.”

“செத்தவன் எடம்... பொம்பளைங்க உக்கார மாட்டாங்க.”

“கலைடா. உன்ன நான் மன்னிக்கல. சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். வியாழக்கிழமை உன்னோட நான் வர்றேன். வாசல்ல நிக்க மாட்டேன், திரைக்கிட்டயே நிப்பேன். ஊரே பாக்கட்டும்.”

லாசல்ஸ் கலைத்தான். முதல் கட்டையை வெர்னல் அடிப்பது போலவே அவள் ஓங்கி அடித்தாள். மீன் சட்டியருகே நின்ற ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். காலியாகக் கிடந்த மற்ற இரண்டு நாற்காலிகளுக்கும் ஒருவரும் வரவில்லை.