தோற்ற மறுநாள் அசனம்

தேர்தலில் தோற்ற மறுநாள் காலை, தென்காசியில் தன் எம்.எல்.ஏ. அலுவலகத்து அலமாரிகளைக் காலி செய்துகொண்டிருந்தார் தங்கசாமி. அறுநூற்றுப் பதினோரு ஓட்டு வித்தியாசம். ஐந்து வருடமாக மனுக்களோடு ஆள் நிற்கும் வாசலில் இன்று ஒரு செருப்புகூட இல்லை. அப்போதுதான் சாலமோன் வாத்தியார் வந்து நின்றார்.

தங்கசாமியின் கை அப்படியே நின்றுவிட்டது. பதினான்கு வருடங்களுக்கு முன்பு, குற்றாலம் போகிற வழியில் ஓர் ஊரில் தங்கசாமி போதகராக, ஊர்க்காரர்கள் வாயில் 'ஐயராக', இருந்தார். பீடி சுற்றும் பெண்கள் கூலி உயர்வும் பி.எப்.பும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, உட்கார இடமில்லாமல் தவித்தவர்களுக்குத் தேவாலயத்தின் கதவைத் திறந்துவிட்டார். இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் பெஞ்சுகளில் அமர்ந்து கோஷம் போட்டார்கள். கோயிலைக் கட்சி ஆபீஸ் ஆக்கிவிட்டார் என்று பேராயருக்கு மனு எழுதியவர் இதே வாத்தியார்தான், சபைச் செயலாளர். மாற்றல் உத்தரவு வந்தது. தங்கசாமி அங்கியை மடித்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்களோடு செங்கொடி பிடிக்கப் போனார். பிறகு அந்தக் கோயில் படியை அவர் மிதித்ததே இல்லை. ஓட்டுக் கேட்டுப் போகும்போதுகூட அந்தத் தெருமுனையோடு திரும்பிவிடுவார்.

"ஐயரே, இன்னைக்கு நம்ம கோயில்ல அசனம், ஊருக்கே பந்தி. சாப்பாட்டுக்கு நீங்க வந்து ஜெபம் பண்ணணும்."

"நான் இப்ப ஐயரும் இல்ல, எம்.எல்.ஏ.வும் இல்ல, வாத்தியாரே."

"அதனாலதான் வந்தேன்." வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க வீட்டுக்காரி முப்பது வருசம் பீடி சுத்துனா. நீங்க அன்னைக்குக் கதவத் தொறக்கலன்னா அவளுக்குப் பென்ஷன் ஏது? அஞ்சு வருசமா உங்களக் கூப்பிடணும்னு நெனைக்கேன். பதவியில இருக்கையில வந்தா, காரியத்துக்கு வாரான்னு நெனைப்பிய. தோத்த பொறவுதான் வர முடிஞ்சிது."

தன்னைத் தோற்கடித்த அந்த அறுநூற்றுப் பதினோரு ஓட்டும் ஏதோ நன்மை செய்துவிட்டதுபோலத் தங்கசாமிக்குத் தோன்றியது.

கோயில் வளாகத்தில் சாதி மதம் பாராமல் ஊரே வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தது. பீடித் தொழிலாளர் சங்கத் தலைவி ராபியா தன் பெண்களோடு முன்வரிசையில் இருந்தாள். இளம் போதகர் தானே எழுந்து வந்து மைக்கைக் கொடுத்தார். தங்கசாமி கண்ணை மூடினார். பழைய ஜெப வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. பதினான்கு வருடம் மேடையில் பழகிய நாக்கு தானாகச் சொன்னது:

"தோழர்களே..."

பந்தி முழுக்கச் சிரிப்பு.

"சொல்லுங்க தோழர், ஆண்டவரும் கேக்கட்டும்," என்றாள் ராபியா.

அவரும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் மறுபடி கண்ணை மூடினார். "ஸ்தோத்திரம்," என்றார். சற்றுப் பொறுத்து, இன்னும் மெதுவாக, "ஸ்தோத்திரம்." மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாத்தியார்தான் முதலில் ஆமென் சொன்னார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தங்கசாமி சாம்பார் வாளியைத் தூக்கினார். பாதி வரிசை தாண்டுவதற்குள் குற்றாலத்து மலையிலிருந்து தூறல் இறங்கியது. யாரும் எழுந்திருக்கவில்லை. பெண்கள் முந்தானையை இழுத்துத் தங்கள் இலைக்கும் பக்கத்து இலைக்குமாகப் பிடித்துக்கொள்ள, அந்தத் துணிக் கூரைகளுக்கு அடியில் அவர் குனிந்து குனிந்து ஊற்றிக்கொண்டே போனார்.