மறுப்புரையில் விடுபட்டவை

அந்தப் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள் தன் புத்தகத்தின் உயிரான அத்தியாயத்தைத் தன் கையாலேயே குப்பைக்கு அனுப்பினாள். பழியைப் போட வேறு யாராவது இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதற்கும் வழியில்லை.

திருத்தி முடித்த மெய்ப்புத் தாள்களில் சிவப்பு மையால் பெரிய பெருக்கல் குறி போட்டு மூலையிலிருக்கும் சாக்கில் எறிவது அங்கே வழக்கம். வெள்ளிக்கிழமை மதியம் காகித ஆலையின் வண்டி வந்து சாக்கை அள்ளிக்கொண்டு போகும். ஒரு பக்கம் அடித்த தாளின் மறுபக்கம் வெள்ளைதானே என்று, அவள் நல்ல தாள்களாகப் பொறுக்கி எடுத்து, பதினொரு வருடமாகத் தன் புத்தகத்தை அவற்றின் பின்பக்கத்தில் எழுதி வந்தாள். ஐந்து அத்தியாயங்களைக் கணினியில் ஏற்றிவிட்டாள். ஆறாவது மட்டும், நூற்றுப் பத்துப் பக்கம், கையெழுத்தாகவே இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவள் மேசையைத் துப்புரவு செய்தபோது கட்டு கவிழ்ந்து கிடந்தது. கண்ணில் பட்டது சிவப்புப் பெருக்கல் குறி. முப்பது வருடமாக அந்தக் குறியைக் கண்டால் கை என்ன செய்யுமோ, அதைச் செய்தது. திங்கட்கிழமை ஆலைக்கு ஃபோன் போட்டாள். "அதெல்லாம் சனிக்கிழமையே கூழாயிடுச்சும்மா" என்றார்கள்.

அன்று முழுக்க அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

புத்தகம் ஞானவாதிகளைப் பற்றியது. யார் அவர்கள் என்று கேட்டால் அவள் இப்படித்தான் சொல்வாள்: "ஆயிரத்தெண்ணூறு, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கொஞ்சம் பேர், இந்த உலகத்தைச் செஞ்சது பெரிய கடவுள் இல்ல, கீழ இருந்த ஒரு அரைகுறை மேஸ்திரின்னு சொன்னாங்க. மேல இருந்து விழுந்த ஒரு பொறி நமக்குள்ள இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கிட்டவனுக்கு விடுதலைன்னும் சொன்னாங்க."

சொன்னதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய ஏடுகள் தடைசெய்யப்பட்டன, கிடைத்த இடத்தில் எரிக்கப்பட்டன. ஆனால் அந்த எண்ணம் லேசில் சாகிற ஜாதி இல்லை. பாரசீகப் பக்கம் ஒளிக்கும் இருளுக்குமான சண்டையாக உருமாறி, வணிகர்களோடு நடந்து சீனா வரை போயிற்று. பல நூற்றாண்டு கழித்து பால்கன் மலைகளில் ஒரு பெயரில் தலைகாட்டிற்று. தெற்குப் பிரான்சில் இன்னொரு பெயரில் தலைகாட்டியபோது அதை ஒழிக்கப் படையே திரட்டினார்கள். அப்புறமும் ரசவாதிகள் ஏட்டிலும், கவிஞர்கள் பாட்டிலும், கனவுக்குப் பொருள் சொன்ன மருத்துவர்கள் குறிப்பிலும் அது எட்டிப் பார்த்தது. இதெல்லாம் ஒரே கொடியின் கிளைகள் என்று அவள் நிறுவியது அந்த ஆறாவது அத்தியாயத்தில்தான். அது இல்லாவிட்டால் மற்ற ஐந்தும் வெறும் தகவல் மூட்டை.

பதிப்பக முதலாளி மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் முழுப் பிரதியும் வந்தால் தன் கடைசிப் பட்டியலில் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்து வரப்போகிற மருமகனுக்குப் பள்ளிக்கூட நோட்ஸ் தவிர வேறெதுவும் புத்தகமே இல்லை. பதினேழு நாள் மீதி இருந்தது. அவள் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தாள். நாலு பக்கம் வந்தது. ஐந்தாவது பக்கத்தில், செத்தவர்களின் முகத்தை நினைக்க முயன்று மூக்கு மட்டும் நினைவுக்கு வருவதுபோல, ஒரு சொல் வந்தது, மற்றது வரவில்லை.

அவளுடைய கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எந்த லிஃப்ட் கூண்டிலும் நடுவில் நின்றுபோனவர்களை வெளியே எடுக்க வழி உண்டு என்று நம்புகிறவர்.

"அதை உன்னைத் தவிர யாரு படிச்சா?" என்று கேட்டார்.

"ஒரே ஒருத்தர். அந்தக் கொடாக்கண்டன்."

கொடாக்கண்டன் என்பது பதிப்பகத்தார் வைத்த பெயர். நாற்பது வருடம் சமயவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர். எந்தப் பிரதியை அனுப்பினாலும் 'நன்று' என்ற ஒரு சொல்லைத் தராதவர். முதலாளி இவளுடைய புத்தகத்தை அவரிடம்தான் கருத்துக்கு அனுப்பினார். ஏழு மாதத்துக்கு முன் கட்டு திரும்பி வந்தபோது கூடவே ஒரு கடிதம் வந்தது. 'ஆறாம் அத்தியாயம் ஏற்கத்தக்கதல்ல. விரிவான மறுப்புரை தனியே எழுதி வருகிறேன்.' முதலாளி அதைப் படித்துவிட்டு, இவ்வளவு கோபம் வருகிற புத்தகத்தைப் போட்டே ஆகவேண்டும் என்று முடிவு செய்தார்.

"மறுப்பு எழுதறவரு உன் வரியை எடுத்துப் போட்டுத்தானே மறுக்கணும்?" என்றார் கணவர். "சாட்சிக்காரன் கால்ல விழறதைவிட சண்டைக்காரன் கால்ல விழறதே மேல். போய் விழு."

அவள் சிரித்துவிட்டாள். எகிப்தில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு ஜாடி நிறைய ஏடுகள் கிடைத்தது எண்பது வருடத்துக்கு முன்புதான். அதுவரை ஞானவாதிகள் சொன்னதாக உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அவர்களைத் திட்டி எழுதியவர்களின் புத்தகங்களில் மேற்கோளாக மிஞ்சியதுதான். இதை முதல் அத்தியாயத்தில் அவளே எழுதியிருக்கிறாள். தன் தலையில் விடியும் என்றுதான் நினைக்கவில்லை.

பேராசிரியர் வீட்டுக் கதவைத் திறந்தது அவருடைய தங்கை, ஓய்வு பெற்ற நர்ஸ். வந்தவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆறாவது அத்தியாயமா? உள்ள வாம்மா" என்றாள்.

பேராசிரியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அந்த அத்தியாயம் போனது உலகத்துக்கு நல்லதுன்னு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"தப்பாத்தான் எடுத்துக்குவேன் சார். ஆனா எந்திரிச்சுப் போகமாட்டேன்."

"முடிக்காத எழுத்தை நான் யாருக்கும் காட்டறதில்ல."

மறுநாள் மாலை வேலை முடிந்து நேரே வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். வீட்டில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே விடாக்கண்டி என்றுதான் பெயர். நாலாவது நாள் அவர் கதவருகிலேயே நின்று மறித்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன் சார். என் புத்தகம் வரலைன்னா நீங்க யாரை மறுத்தீங்கன்னு படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? ஆளே இல்லாத மேடையில குஸ்தி போட்ட மாதிரி இருக்காதா?"

பின்னாலிருந்து தங்கை சொன்னாள். "குடுத்துடுண்ணே. அண்ணி போனதுக்கப்புறம் காலையில நீ படுக்கையை விட்டு எந்திரிக்கிறதே இந்தப் பொண்ணைத் திட்டி எழுதத்தான். அவ புஸ்தகம் வரலைன்னா உன்னை எழுப்ப என்னால ஆகாது."

நாலு தடித்த நோட்டுகள் மேசைக்கு வந்தன. இடது பக்கம் முழுக்க அவளுடைய வரிகள், எழுத்துக்கு எழுத்து, கமா உட்பட. வலது பக்கம் அவருடைய பதில். எதிராளி சொன்னதை முழுசாகக் காட்டாமல் பதில் சொல்வது கோழைத்தனம் என்பது அவருடைய கொள்கை. அவள் தன் வரிகளைக் கண்டதும் தொலைந்த பிள்ளையைப் போலீஸ் ஸ்டேஷனில் கண்டவள்போல ஆனாள். திட்டிக்கொண்டேயிருந்தாலும் அவர் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்.

அன்றிலிருந்து தினமும் மாலை மூன்று மணிநேரம் உட்கார்ந்து பிரதி எடுத்தாள். வலது பக்கத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள், கண் கேட்கவில்லை. 'மூக்கு ஒன்றுபோல் இருப்பதால் இருவர் பங்காளி ஆகிவிட முடியாது. சீனத்தில் ஒருவன் உலகத்தை இருட்டு என்றான், பிரான்சில் ஒருவன் இருட்டு என்றான். இருவருக்கும் இருட்டியது, அவ்வளவே.' படித்துவிட்டு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல அடி என்பதால் கோபம் இரட்டிப்பாயிற்று. பழிவாங்குவதாக நினைத்துக்கொண்டு, அவர் பக்கத்திலிருந்த மூன்று பிழைகளைப் பென்சிலால் திருத்தினாள்.

"என் பக்கத்துல கை வைக்காதீங்க" என்றார் எதிரிலிருந்து.

"தப்பு இருந்தா கை தானா போகுது சார். அதே கைதான் இந்தக் கதிக்கு என்னைக் கொண்டுவந்தது."

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது நாலாவது நோட்டும் தீர்ந்தது. எழுதியதை எண்ணிப் பார்த்தாள். எழுபத்து நாலு பக்கம். திரும்பவும் எண்ணினாள். எழுபத்து நாலுதான். வரிசையாக வைத்துப் படித்தபோதுதான் புரிந்தது. வாதம் எல்லாம் இருந்தது. வாதத்துக்கு நடுவே மூச்சுவிட்ட இடங்கள் இல்லை. ஒரு நூற்றாண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாலங்கள் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஞானவாதிகளின் புராணத்தில் வரும் ஞானம் என்ற பெண்ணைப் பற்றி எழுதிய பகுதி இல்லை. அதை எழுத அவளுக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது.

"அந்தப் பகுதியை ஏன் சார் எடுத்து எழுதல?"

"விட்டுட்டேன்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுல மறுக்க ஒண்ணுமில்ல."

அவளுக்கு அப்போது ஒன்று புரிந்தது. பதினொரு வருடம் படித்தும் புரியாதது. ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேலாக உலகம் படித்ததெல்லாம் எதிரிகளுக்குக் கோபம் வந்த வரிகளை மட்டும்தான். அந்த எதிரிகளில் எவனாவது ஒருவன் படிக்கும்போது தன்னை மறந்து தலையாட்டியிருப்பான். தலையாட்டிய வரியை அவன் எடுத்து எழுதியிருக்க மாட்டான். போனது போனதுதான்.

"அப்போ நீங்க ஒத்துக்கிட்டதெல்லாம் தொலைஞ்சுபோச்சு" என்றாள். "நீங்க என்னோட இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம் சார்."

அவர் நாலாவது நோட்டை மூடி வைத்தார்.

"சரி. நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

"எனக்கு நினைவில்ல."

"உங்களுக்கா? என் கமாவைக்கூட விடாம எழுதின உங்களுக்கா?"

"நான் நாப்பது வருஷம் பசங்களுக்கு என்ன சொல்லிக்குடுத்தேன் தெரியுமா? உலகத்தைச் செஞ்சவர் சரியாத்தான் செஞ்சிருக்கார்னு. என் வீட்டுக்காரி படுத்த படுக்கையா கிடந்தப்பவும் அவகிட்ட அதைத்தான் சொன்னேன். இப்போ அந்தப் பகுதியை என் வாயால சொல்லச் சொல்றீங்க."

"ஆமா சார். உங்க வாயாலதான். வேற வாய் கிடையாது."

தங்கை உள்ளே வந்து விளக்கைப் போட்டாள். அண்ணனைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று பேரும் எதற்கோ முறை வரக் காத்திருப்பவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். இவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தலைப்பில் பக்க எண்ணைப் போட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள். அவர் சொல்கிறவரை மூடுவதாக இல்லை.

கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"'அவர்கள் உலகத்தை வெறுத்தார்கள் என்று, அவர்களை வெறுத்தவர்கள் எழுதினார்கள்.' அதானே முதல் வரி?"

"அதான் சார்."

"'அவர்கள் சொன்னது வேறு. ஞானம் என்ற பெண் வழி தவறி இருட்டில் தனியாக நின்றாள். அவள் அழுத கண்ணீரிலிருந்து நீரெல்லாம் வந்தது. அவளுடைய துயரமும் திகைப்பும் மண்ணாக இறுகின. எப்போதோ ஒருமுறை சிரித்தாள். வெளிச்சம் அதிலிருந்து வந்தது. உலகம் தீமையால் ஆனதென்று அவர்கள் சொல்லவில்லை. அழுது முடிக்காத ஒருத்தியால் ஆனது என்றார்கள். சாவு நடந்த வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தவருக்கு இது கட்டுக்கதையாகத் தோன்றாது.'"

ஒரு சொல் பிசகவில்லை. எத்தனை முறை படித்திருந்தால் இப்படி வரும் என்று நினைத்தபடியே அவள் எழுதினாள். பத்தி அங்கே முடிகிறது. அவர் நிறுத்தவில்லை.

"அந்த வீட்டிலும் மறுநாள் காலையில் பால்காரர் மணியடிக்கிறார். எத்தனை பாக்கெட் என்று கேட்கிறார். ஒன்று போதும் என்று சொல்ல வாய் வரவில்லை."

பேனா நின்றது. மூலத்தில் இல்லாத ஒரு வரியை முப்பது வருடத்தில் அவள் உள்ளே விட்டதில்லை. தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சார், இது நான் எழுதினது இல்ல."

"தெரியும். எழுதுங்க."

எழுதினாள். மை காய்கிறவரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் பேர்ல சார் போடறது?"

"மறுத்தவன் பேர்லயே போடுங்க" என்றார் அவர். கண்ணைத் திறந்து மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அடுத்த பத்தி எப்படி ஆரம்பிக்கும், சொல்லுங்க. இன்னும் முப்பத்தஞ்சு பக்கம் கிடக்கு."