ஏழாவது பாட்டு

அவன் என் வாயைப் பார்க்கவே இல்லை, ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள் ரோவீனா.

டெக்சஸின் அந்தப் பழைய நடனக் கொட்டகைக்குப் பின்னால் ஒலிப்பதிவு வண்டி நின்றது. அதற்குள் நேற்றைய கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அவள் பெயரில் வரப்போகிற முதல் நேரடிக் கச்சேரி ஆல்பம். ஒன்பது பாட்டு, ஒன்பது விருந்தாளிகள், எல்லாமே ஜோடிப் பாட்டு.

எட்டு நன்றாகவே அமைந்துவிட்டன. கிளின்ட் ஹார்கெட்டுடன் பாடிய ஏழாவதில் மட்டும் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் இரண்டாக உடைந்தது. அவள் முடித்த பிறகும் அவன் இழுத்துக்கொண்டிருந்தான், கூட்டத்தைப் பார்த்துத் தொப்பியை ஆட்டியபடி.

துணைக்குரல் பாடுகிறவர் முன்குரலின் உதட்டைப் பார்த்துத்தான் பாடவேண்டும். அந்த உதடு மூடும்போது தானும் மூடவேண்டும். இருபது வருடம் அவளுக்கு அதுதான் பிழைப்பு. மேடையின் ஓரத்தில் நின்று எத்தனை வாய்களைப் பார்த்திருப்பாள்! எவன் குடித்திருக்கிறான், எவனுக்கு மூச்சுப் போதாது என்பதெல்லாம் பாடத் தொடங்குமுன்பே தெரிந்துவிடும். அவள் வாயை யாரும் பார்த்ததில்லை. நேற்று எட்டுப் பேர் பார்த்தார்கள். கண் மங்கிப்போன எல்ராய்கூட மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மைக்கை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் பிடித்துப்போயிற்று.

"ரோ, கோவிச்சுக்காத," என்றார் தயாரிப்பாளர் மார்வின். "கிளின்ட் பாடினது பாடினபடி இருக்கட்டும். ஸ்டூடியோவுல அவனுக்குப் பொருந்துற மாதிரி நீ ஒரு தடவை பாடிடு. உனக்கென்ன, தண்ணி பட்ட பாடு."

"அவனைக் கூப்பிட்டு எனக்குப் பொருந்துற மாதிரி பாடச் சொல்லேன்."

"அவன் தப்பாப் பாடிட்டான்னு அவன்கிட்டயே யாரு சொல்றது? அவன் பெல்ட் பக்கிளே என் மண்டை அளவு இருக்கு."

"அவ்வளவு பெரிய பக்கிள் எவனும் செய்யலை மார்வ்."

மார்வின் சிரித்துவிட்டு மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "கிண்டல் இருக்கட்டும் தாயி. அவன் பாட்டு இல்லேன்னா ரேடியோக்காரன் தொடமாட்டான். கம்பெனியும் கையை விரிச்சாலும் விரிச்சிடும். இதுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தே?"

அவர் சொன்னது உண்மைதான். அவளுக்கும் தெரியும்.

"இன்னொரு தடவை போடு," என்றாள்.

ஹார்கெட்டின் குரல் எழுந்தது. வண்டியின் கண்ணாடித் தடுப்பில் அவள் முகம் தெரிந்தது. வரி முடியும் இடத்தில் அவளுடைய உதடுகள் தாமாகவே திறந்தபடி நின்றன. அவன் எப்போது முடிப்பான் என்று காத்திருந்தன. யாரும் சொல்லாமலே, பழக்கத்தில். இதையா நேற்று எட்டுப் பேர் அத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்?

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவன் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஆல்பம் எட்டுப் பாட்டோட வரட்டும் மார்வ்."

"அவசரப்படாத. நாளைக்குச் சொல்லு."

"நாளைக்கும் இதான். திரும்பப் பாட மாட்டேன்." அவள் குரல் உயரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "எல்ராய் பாட்டைப் போடு, கேப்போம்."