கொண்டுவராத சிலிண்டர்

2006 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, காமயகவுண்டன்பட்டியில் தன் திராட்சைத் தோட்டத்தில் வைத்து, அழகர் களைக்கொல்லி கேனுக்குள் ஒரு ரப்பர் குழாயை விட்டு மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான்.

ஐந்து லிட்டர் கேனை மூன்று தோட்டக்காரர்கள் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். பங்கு பிரிக்கும்போது சாய்த்து ஊற்றினால் சிந்தும். சிந்தினால் பேச்சு வரும். மோட்டாருக்கு டீசல் இழுப்பதுபோல இதையும் குழாய் வைத்து இழுத்துவிடுவது அங்கே எல்லாரும் செய்கிற காரியம்தான். எப்போதும் இழுக்கிற வெள்ளைக் குழாயில் ஏறிவருவது கண்ணுக்குத் தெரியும். ஆள் வாயை எடுத்துவிடுவான். அன்றைக்கு வெள்ளைக் குழாய் வெடித்துக் கிடந்தது. அழகர் எடுத்தது, அவன் பெண்டாட்டியின் அண்ணன் தங்கபாண்டி தன் பட்டறையில் கழித்துக் கொடுத்த நீலக் குழாய். உள்ளே ஏறுவது வெளியே தெரியாது. ஒரு வாய் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. மீதியைத் துப்பினான். வாய்க்கால் தண்ணீரில் கொப்பளித்தான். இரண்டு தடவை வாந்தி எடுத்தான். அப்புறம் ஒரு டீயைக் குடித்துவிட்டு மதியம்வரை பந்தலுக்கு அடியில் மருந்தடித்தான்.

தங்கபாண்டிக்கு இது தெரியவந்தது வியாழக்கிழமை. கம்பத்தில், எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் நிற்கிற தெருவின் கடைசியில் அவனுடைய வெல்டிங் பட்டறை இருந்தது. மலையேறி இறங்கி விரிசல் விடுகிற ஜீப்புகளுக்கு ஒட்டுப் போடுவதும், பழைய வண்டிகளை கேஸ் வைத்து அறுத்துத் துண்டு போடுவதும் அவன் தொழில். தங்கச்சி பவுனு போனில் பேசும்போது அவள் குரலில் பெரிய பதற்றம் இல்லை. அவருக்கு நாக்கு வெந்துபோய்விட்டது, எச்சில் விழுங்க முடியவில்லை, நேற்றிலிருந்து ஒன்றுக்கும் சரியாகப் போகவில்லை, ஒரு எட்டு டாக்டரிடம் கூட்டிப்போகலாமா என்றுதான் கேட்டாள். கம்பத்து டாக்டர் அழகரின் வாயைப் பார்க்கும் முன்னால் கேனைக் கொண்டுவரச் சொன்னார். அதில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். நின்றுகொண்டே தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அங்கே வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எதற்குக் குடித்தாய்? வீட்டில் சண்டையா, கடனா, மகள் யாரையாவது விரும்புகிறாளா? அழகர் வீங்கிய நாக்கோடு ஒவ்வொருவருக்கும் சொன்னான்.

"உறிஞ்சினேன் சார். குடிக்கல."

ஏட்டு அதை எழுதிக்கொண்டு, நம்பாத முகத்தோடு போனார்.

வார்டைப் பார்த்துக்கொண்ட டாக்டர் முப்பது வயதுப் பெண். பூசிமெழுகத் தெரியாதவர். தங்கபாண்டியை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இந்த மருந்துக்கு முறிவு கிடையாது என்றார். இப்போது கிட்னியில் அடித்திருக்கிறது, அது திரும்பக்கூடும். பயம் நுரையீரலைப் பற்றித்தான், அது தெரிய ஒரு வாரம் ஆகும். அதுவரை வைட்டமின் சி ஊசி, வைட்டமின் ஈ மாத்திரை, அழுகிய முட்டை வாடை வீசும் இன்னொரு மருந்து. ஆன்டி ஆக்சிடன்ட் என்று சொன்னார். இதனால் பிழைத்துவிடுவார் என்று தன்னால் சொல்ல முடியாது, கொடுத்துப் பார்க்கிறோம் என்றும் சொன்னார்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்த செய்தி வேறு மாதிரி இருந்தது. வைட்டமின் சி ஏறினால் அழகர் எழுந்துவிடுவான் என்று போனது. பார்க்க வந்தவர்கள் நெல்லிக்காயும் சாத்துக்குடியும் எலுமிச்சையுமாக வந்தார்கள். சனிக்கிழமை குச்சனூரில் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்த ஒருவர் கோயில் பிரசாதத்தோடு ஒரு பை நெல்லிக்காயும் கொண்டுவந்தார். கட்டிலுக்கு அடியில் குவிந்து கிடந்தது. பவுனு அதை இடித்து, துணியில் பிழிந்து, டம்ளரில் கொடுத்தாள். அழகருக்கு வாய் முழுக்கத் தோல் உரிந்திருந்தது. ஒவ்வொரு மிடறுக்கும் கண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. குடித்து முடித்ததும் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினான், ஒரு சொட்டு மிச்சம் இல்லை என்று.

ஞாயிற்றுக்கிழமை புண் ஆறுகிற மாதிரி இருந்தது. கஞ்சி இறங்கியது. தங்கபாண்டியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, "சாராயம் குடிச்ச அன்னிக்கெல்லாம் ஒந்தங்கச்சி ஊரைக் கூட்டுவா. களை மருந்தக் குடிச்சதுக்கு ஒரு சொல்லு சொல்லல பாரு மச்சான்" என்றான். பவுனு டம்ளரால் அவன் காலில் தட்டினாள். மூன்று பேரும் சிரித்தார்கள். மகள் யுவராணிக்குப் பள்ளிக்கூடம் கெடுகிறது, நாளன்றைக்கு வீட்டுக்கு விட்டுவிடுவார்களா என்று பவுனு நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை கக்கூஸுக்குப் போன அழகர் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். புதன்கிழமை படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே இருந்தான். வியாழக்கிழமை ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் பேசினான்.

எதிர்க் கட்டிலில் ஆஸ்துமாக்காரக் கிழவர் ஒருவருக்கு ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தார்கள். தலைமாட்டில் கறுப்புச் சிலிண்டர் நின்றது. பவுனு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிழவர் கஞ்சி குடித்தார், வெற்றிலை கேட்டுச் சண்டை போட்டார். இங்கே இந்த மனுஷன் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவள் நர்ஸைக் கேட்டாள், வார்டு பாயைக் கேட்டாள். இவருக்கு வைக்கக் கூடாதென்று சீட்டில் எழுதியிருக்கிறது என்றார்கள்.

அன்று மதியம் தங்கபாண்டிக்கும் பவுனுவுக்கும் பெரியப்பா மகனான மொக்கைச்சாமி ஊரிலிருந்து வந்தான். வேண்டியவர்களுக்குத்தான் வைப்பார்கள், நமக்கு எங்கே என்று சத்தமாகவே பேசினான். பிறகு தங்கபாண்டி பக்கம் திரும்பினான்.

"ஏலே, ஊருல உள்ள பழைய இரும்புக்கெல்லாம் காத்துக் குடுக்குற. தங்கச்சி புருசனுக்கு ஒரு மூச்சுக் குடுக்க மாட்டியாக்கும்?"

தங்கபாண்டி எழுந்து டாக்டரைத் தேடிப் போனான். மாடிப்படியில் பிடித்தான். ஆஸ்பத்திரியில் சிலிண்டர் பற்றாது என்றால் சொல்லுங்கள், என்னிடமே இரண்டு கிடக்கிறது, பட்டறைச் சிலிண்டர்தான், ஆனாலும் ஆக்சிஜன்தானே என்றான். டாக்டர் அவன் கையில் இருந்த தீப்பொறித் தழும்புகளைப் பார்த்தார்.

"கேஸ் கட்டிங் பண்ணுவீங்களா?"

"ஆமாம்மா. இருவது வருசமா."

"எப்படி அறுக்கும்னு சொல்லுங்க."

தங்கபாண்டி சொன்னான். முதலில் கேஸும் ஆக்சிஜனும் கலந்து எரியவிட்டு இரும்பை ஒரு இடத்தில் சிவக்கக் காயவைக்க வேண்டும். காய்ந்ததும் லிவரை அமுக்கினால் ஆக்சிஜன் தனியாகப் பாயும். அதற்கப்புறம் அறுப்பது தீ இல்லை. இரும்பே எரிய ஆரம்பித்துவிடும். ஆக்சிஜன் எவ்வளவு போகிறதோ அவ்வளவு எரியும்.

"அவரு நுரையீரல் இப்ப அந்தச் சிவந்த எடம்" என்றார் டாக்டர். "அந்தக் களை மருந்து அங்கதான் போய்த் தங்கும். சாதாரணமா நாம இழுக்கிற காத்தையே அது நெருப்பா மாத்துது. நீங்க லிவரை அமுக்கச் சொல்றீங்க."

"அந்த வைட்டமின் ஊசி?" என்று கேட்டான். "ஜீப்புக்கு நாங்க ரெட் ஆக்சைடு அடிப்போமே, துருப் புடிக்காம. அது மாதிரியா?"

"அது மாதிரிதான். ஆனா துரு ஏறுனதுக்கு மேல அடிச்சா நிக்குமா?"

நிற்காது என்று அவனுக்குத் தெரியும்.

கீழே வந்து தங்கச்சியிடம் சொல்லிப் பார்த்தான். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னான். காற்று எப்படி ஆளைக் கொல்லும் என்று அவள் கேட்டாள். சிவந்த இரும்பைப் பற்றிச் சொன்னான். பவுனு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு என்ன இரும்பாண்ணே?"

அழகர் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தான். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கையைத் தடவி மச்சானின் சட்டையைப் பிடித்தான்.

"மச்சான்… ஒங்கிட்ட… கெடக்குல்ல."

கொண்டுவருகிறேன் என்று தங்கபாண்டி சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கம்பத்துக்குப் போனான். கொண்டுபோக ஜீப் டிரைவர் ராக்கையா வண்டியோடு பட்டறை வாசலில் காத்திருந்தான். மாஸ்க் வாங்கியாயிற்று. வார்டில் ஒரு மணிநேரம் ஆளில்லாமல் இருக்கும், நர்ஸை நான் பேச்சுக் கொடுத்து வைத்திருக்கிறேன் என்று மொக்கைச்சாமி போனில் சொல்லியிருந்தான். இரண்டு சிலிண்டரில் எதில் அதிகம் மிச்சமிருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. பார்ப்பதற்கு மீட்டர் இருக்கிறது. ஆனால் தங்கபாண்டி கட்டிங் டார்ச்சை மாட்டினான். மூலையில் கிடந்த ஒரு சேஸிஸ் துண்டை இழுத்துப் போட்டான். அரை இஞ்சு கனம். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஓரத்தில் காயவைத்தான். சிவந்தது. லிவரை அமுக்கினான். பொறி பறந்து, இரும்பு பிளந்துகொண்டு போயிற்று. பாதியில் இடது கையால் கேஸை மூடினான். தீ நின்றது. ஆக்சிஜன் மட்டும் பாய்ந்தது. அறுப்பு நிற்கவில்லை. எந்தத் தீயும் இல்லாமல் இன்னும் நான்கு விரற்கடை இரும்பு எரிந்து, உருகி, தரையில் சொட்டியது.

இதை அவன் முன்னாலும் பலமுறை செய்திருக்கிறான். கேஸ் மிச்சம் பிடிக்க எல்லாரும் செய்வார்கள்.

லிவரை விட்டான். இரண்டு சிலிண்டரையும் இறுக மூடினான். ராக்கையா கயிறோடு உள்ளே வந்து எதைத் தூக்குவது என்று கேட்டான். எதையும் வேண்டாம், நீ எஸ்டேட்டுக்கு ஆளேற்றப் போ என்றான் தங்கபாண்டி. ராக்கையாவுக்கு விளங்கவில்லை. அறுபட்ட இரும்பைப் பார்த்தான், இவன் முகத்தைப் பார்த்தான்.

"அங்கன புள்ள வாசல்லயே நிக்குமேண்ணே."

நின்றுகொண்டுதான் இருந்தாள். தேனியில் ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே பஸ் நின்றபோது, பவுனு சாலையில் வருகிற ஜீப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் அவன் வருவான் என்று அவள் நினைக்கவில்லை. அவன் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் திரும்பினாள். அவனுடைய இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"கொண்டாரலையா?"

"இல்லத்தா."

"தீந்துபோச்சா?"

தீர்ந்துபோயிற்று என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். தங்கபாண்டிக்கு அது தோன்றத்தான் செய்தது.

"இருக்கு. குடுக்கக் கூடாது, பவுனு."

அவள் உள்ளே போனாள். அன்றும் மறுநாளும் அவன் வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். அழகர் இரண்டு முறை கண்ணைத் திறந்து கட்டிலின் தலைமாட்டைப் பார்த்தான். அங்கே ஊசி மருந்து பாட்டில் மட்டும் தொங்கியது. நெல்லிக்காய்ச் சாறு கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த காய்கள் கறுத்துப்போயிருந்தன. துப்புரவுப் பணி செய்யும் மாயக்காள் அவற்றைக் கூட்டி வாளியில் போட்டுக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அழகரின் உதடும் நகமும் நீலம் பாய்ந்திருந்தன. டாக்டர் அவன் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டிப் பார்த்தார். புது எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, எதிர்க் கட்டில் கிழவர் முந்தின நாள் வீட்டுக்குப் போனதால் சும்மா நின்ற சிலிண்டரை இழுத்துவரச் சொல்லி, அழகருக்கு மாஸ்க் போடச் சொன்னார்.

தங்கபாண்டி ஓடிப்போய் எதற்கு என்று கேட்டான்.

"இனிமே கெட்டுப்போக மிச்சம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் டாக்டர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "தவிப்பாவது கொறையட்டும்."

பவுனுவுக்கு அது காதில் விழவில்லை. அவள் பார்த்தது மாஸ்க்கை. மாஸ்க் போட்ட அரைமணி நேரத்தில் அழகரின் தோள் இறங்கியது; உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. புதன்கிழமைக்குப் பிறகு முதன்முறையாகச் சாய்ந்து படுத்தான். பெண்டாட்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவள் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"இன்னிக்கு வச்சாக, மூச்சு வருது. ரெண்டு நாளைக்கு முன்னாடி வச்சிருந்தா?"

தங்கபாண்டி வாயைத் திறந்தான்.

"அந்த நீலக் குழாயக் குடுத்ததும் நீதாண்ணே" என்றாள் பவுனு. அவள் கத்தவில்லை. வேலைக்கு ஆள் வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அழகர் ஜூன் 27, செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, மாஸ்க் போட்டபடியே இறந்தான். பிரேதப் பரிசோதனை செய்தவர், நுரையீரல் இரண்டும் சுருங்கி ரப்பர்போல் கெட்டியாகிவிட்டதாக எழுதினார். ஊரில் பாதிப் பேர் அவன் வேண்டுமென்றே குடித்ததாகச் சொன்னார்கள். மீதிப் பேர் மச்சான் சிலிண்டரை வைத்துக்கொண்டு தரவில்லை என்றார்கள். காரியத்தன்று பிறந்த வீட்டுக் கோடியாகத் தங்கபாண்டி கொண்டுபோன சேலையைப் பவுனு வாங்கவில்லை. மொக்கைச்சாமி கொண்டுவந்த சேலையைக் கட்டிக்கொண்டாள்.

2010 மே மாதம் யுவராணிக்குக் கம்பத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. பட்டறைக்கும் மண்டபத்துக்கும் இடையே இரண்டு தெரு. பத்திரிகையில் தாய்மாமன் என்ற இடத்தில் மொக்கைச்சாமியின் பெயர் போட்டிருந்தது. தங்கபாண்டி அன்று பட்டறையைத் திறந்து, ஒரு ஜீப்பை அறுத்துக்கொண்டிருந்தான்.