கோப்பையின் அடியில் ஒரு முகம்

வீடு மாறுவதென்று முடிவானதிலிருந்து மெட்டில்டாவுக்கு ஒரே கவலை, கண்ணாடி அலமாரியில் இருந்த ஜப்பான் கோப்பைகள்தான். கடற்கரையை ஒட்டிய அந்த வீட்டில் உப்புக்காற்று கூரைக் கம்பிகளை அரித்து, காரை பெயர்ந்து விழத் தொடங்கியிருந்தது. மில்லர்புரத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். கட்டில், பீரோவெல்லாம் வேனில் போய்விட்டன. வேன் திரும்பி வருவதற்குள் உடையும் சாமான்களைக் கட்டி முடிக்க வேண்டும். மகன் செல்வின் கப்பலில் இருந்ததால் அந்த வேலை மருமகள் பெனிஷாவின் தலையில் விழுந்தது.

அவள் அதைப் பதறாமல் செய்தாள். அட்டைப்பெட்டியின் அடியில் பழைய போர்வையை மடித்துப் போட்டாள். தட்டுகளைத் தாளில் சுற்றி, படுக்க வைக்காமல் புத்தகம் அடுக்குவதுபோல் நிறுத்தி வைத்தாள். இடுக்குகளில் தாளைக் கசக்கித் திணித்தாள். பெட்டியை லேசாக ஆட்டிப் பார்த்து, உள்ளே சத்தம் கேட்டால் மறுபடியும் திணித்தாள்.

கடைசியாகக் கோப்பைகளுக்கு வந்தாள். மாமனார் மரியான் கப்பலில் சமையல்காரராக இருந்தபோது, கல்யாணமான புதிதில் கோபே துறைமுகத்தில் வாங்கி வந்தவை. வெளிப்பக்கம் புடைத்து நிற்கும் டிராகன். முட்டை ஓடு மாதிரி மெல்லிசு. அவற்றில் இதுவரை யாரும் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. மெட்டில்டா தவிர வேறு யாரும் தொட்டதுகூட இல்லை. இன்றைக்கு மூட்டுவலி அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டது.

"காதப் புடிச்சுத் தூக்காத, கையோட வந்துரும். மொதல்ல காதுக்குத் தாளச் சுத்து. பொறவு உள்ள வையி. ரொம்ப இறுக்காத."

"சரி மாமி."

பெனிஷா நாலைந்தைச் சுற்றி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். உள்ளே துணியை விட்டுத் துடைக்கும்போது விரல் நுனியில் கரடுமுரடாக ஏதோ தட்டுப்பட்டது. அழுக்கு என்று நினைத்து அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை. விரிசலோ என்று பயந்து, கோப்பையை ஜன்னல் பக்கமாகத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

அடியில் ஒரு பெண் இருந்தாள். உயரத் தூக்கிக் கட்டிய கொண்டை, பாதி தாழ்ந்த இமைகள், சிரிக்கலாமா வேண்டாமா என்பது போன்ற உதடு. கோப்பையைக் கீழே இறக்கியதும் முகம் மறைந்து வெறும் வெள்ளைப் பீங்கானானது. மறுபடி வெளிச்சத்தில் தூக்கினாள். அந்தப் பெண் மறுபடி வந்தாள்.

"மாமி, இதுக்குள்ள ஒரு பொம்பள இருக்கா."

"என்னளா உளறுத?"

பெனிஷா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்து, கோப்பையை அவள் கையில் கொடுத்தாள். மெட்டில்டா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க! இங்கன வாங்க. யாருங்க இவ?"

பாய்களுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த மரியான் வந்தார். "எவ?"

"இத்தன வருசமா எங்கூட ஒரே வீட்டுல இருந்துருக்கா. கூட்டிட்டு வந்தவுகளுக்குத் தெரியாதாக்கும்?"

மரியான் கோப்பைக்குள் பார்த்தார். வாய் பிளந்தது. "மாதா மேல சத்தியமா எனக்குத் தெரியாது!"

எல்லாவற்றிலும் இருக்கிறாளா என்று பார்க்காமல் பெனிஷாவால் இருக்க முடியவில்லை. சுற்றி வைத்ததையெல்லாம் பிரித்தாள். ஒவ்வொன்றிலும் இருந்தாள். ஒரே முகம்தான் என்றாள் பெனிஷா. இல்லை, ஒன்றில் மட்டும் கொஞ்சம் கோபமாக இருக்கிறாள் என்று மெட்டில்டா சாதித்தாள்.

மரியானுக்கு மெல்ல ஏதோ பிடிபட்டது. "அந்தக் கடைக்காரன் வெறுங்கோப்பைய வாயில வச்சு உறிஞ்சுதான். பொறவு அண்ணாந்து லைட்டப் பாக்கான், சிரிக்கான். திரும்பத் திரும்ப அதையே செய்யுதான். ஒருமாதிரியான ஆளு போலன்னு நெனச்சு, சட்டுன்னு வாங்கிட்டு வெளிய வந்துட்டேன்."

"அப்ப குடிச்சு முடிச்சாத்தான் தெரிவாளோ?" என்றாள் பெனிஷா.

மெட்டில்டாவைக் கேட்கத் தயக்கமாக இருந்தது. குசினியில் அடுப்பும் இல்லை, சட்டியும் இல்லை. ஆனால் மெட்டில்டாவே சொன்னாள்: "முக்குக் கடையில போயி டீ வாங்கிட்டு வாங்க. பால் டீ வேண்டாம், கட்டஞ்சாயா."

பிளாஸ்டிக் பையில் வந்த டீயை ஊற்றினார்கள். கோப்பை உடைந்துவிடும் என்று மெட்டில்டா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உடையவில்லை. மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தபடி குடித்தார்கள். டீ இருக்கும்வரை கருப்புத்தான். கடைசி மடக்கு இறங்கும்போது முதலில் கொண்டையும், பிறகு நெற்றியும் கண்ணும் தெளிந்து வந்தன. மெட்டில்டா சின்னப்பிள்ளை மாதிரி இன்னொரு தடவை ஊற்றச் சொன்னாள். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். "அடிச்சா அடிக்கட்டும்," என்றாள்.

பெனிஷா எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மறுபடியும் சுற்றினாள். இந்த முறை தாளுக்கு மேல் தன் பருத்தித் துப்பட்டாவையும் கிழித்துச் சுற்றினாள். பெட்டி வேனில் ஏறவில்லை. ஆட்டோவில் மெட்டில்டாவின் மடியில் போனது. வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் முன்னால், "மெதுவா தம்பி, உள்ள ஆள் இருக்கு," என்று அவள் சொல்ல, ஆட்டோக்காரர் கண்ணாடியில் பின்சீட்டில் இருந்தவர்களை எண்ணிப் பார்த்தார்.

ஒரு கீறல்கூட இல்லாமல் அத்தனையும் வந்து சேர்ந்தன. மாடிப்படியில் ஏற்றும்போது உடைந்தது பீரோக் கண்ணாடி மட்டும்தான். மெட்டில்டா அதை எட்டிக்கூடப் பார்க்காமல் கோப்பைப் பெட்டியைப் பிரிக்கச் சொன்னாள்.

சாயங்காலம் எதிர்வீட்டு அனுசியா, தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வந்தாள். அவளை உட்காரவைத்து, மெட்டில்டா டிராகன் கோப்பையில் டீ கொடுக்கச் சொன்னாள். அனுசியா பேச்சுக்காரி. மோட்டார் ரிப்பேர், வீட்டுக்காரர், நாய்த்தொல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, நடுநடுவே உறிஞ்சினாள். பெனிஷாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மரியான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அனுசியா அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்துக் கோப்பையைக் கீழே வைக்கப் போனாள்.

"அதையும் குடிச்சிருங்க," என்றாள் மெட்டில்டா.

"போதும்மா, அடியில தூளு கெடக்கும்."

"தூளு இல்ல. குடிச்சிட்டு அந்த ஜன்னல் பக்கம் அண்ணாந்து உள்ள பாருங்க."

அனுசியா ஒன்றும் புரியாமல் குடித்தாள், அண்ணாந்தாள். "ஆத்தாடி!" என்று அவள் துள்ளிய துள்ளலில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்து கை நீட்டினார்கள்.