திட்டில் நட்ட தாங்கிகள்

தமிழ்நிலா பறவை ஆராய்ச்சிக்குப் போகிறாள் என்றதும் ஊரில் சிரிக்காத ஆள் கிடையாது. "காக்கா எண்ணவா இத்தனை படிப்பு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே அவள் அப்பா இராஜாங்கத்துக்கு வாய் வலித்தது. அடுத்தவன் வயலில் நாற்றுப் பறித்த ஆள் அவர். இன்று திருத்துறைப்பூண்டிப் பக்கம் சொந்தமாக ஆறு மா நிலம். மகள் எதைப் படித்தாலும் அவருக்குப் பெருமைதான்.

கொள்ளிடத்தின் நடுவே, பரிசலில் போகவேண்டிய மணல்திட்டு ஒன்றில் பதினோரு ஜோடி கருவயிற்று ஆலாப் பறவைகள் முட்டையிட்டிருந்தன. அழிந்துகொண்டிருக்கிற இனம். வருஷக்கணக்காக ஆற்றில் நாயாய் அலைந்ததில் அவள் கண்ணில் பட்டது இந்த ஒரு கூட்டம்தான். கூடாரம் போட்டுக் காவல் இருந்தாள். மணல் அள்ள வந்தவர்களோடு மல்லுக்கட்டினாள். நீந்தி வந்த நாய்களை நடு ஆற்றிலேயே துடுப்பால் விரட்டினாள். சரியாகக் குஞ்சு பொரிக்கிற நேரம் பார்த்து, திட்டுக்குக் காவலாள் போடும் உத்தரவை நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி தஞ்சாவூர் வனத்துறை ஆபீஸிலிருந்து போன் வந்தது.

வேறு யாரை நம்புவது? அப்பாவை வரவழைத்தாள்.

"நாய், ஆடு, மனுஷன், எதுவும் திட்டுல கால் வைக்கக்கூடாதுப்பா. நீங்களும் கூடுங்ககிட்ட போயிடாதீங்க."

"எங்கிட்ட விட்டுட்டல்ல, நிம்மதியா போயிட்டு வா தாயி."

சொல்லும்போதே ஆலா ஒன்று அவர் உச்சந்தலையில் கொத்திவிட்டுப் போனது. துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு, "அடேயப்பா! உங்க புள்ளைங்களை நான் என்னடி பண்ணப் போறேன்?" என்று சிரித்தார்.

ஆபீஸில் சார் மீட்டிங், சார் லீவு என்று மூன்று நாள் இழுத்தடித்தார்கள். பாழாய்ப்போன ஒரு கையெழுத்துக்கு மூன்று நாள்! நான்காம் நாள் உத்தரவோடு பரிசல் ஏறியவளுக்குப் பாதி ஆற்றிலேயே பகீரென்றது. திட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து குச்சிகள், ஒவ்வொன்றின் தலையிலும் குறுக்குக் கட்டை. அதில் பருந்தும் காக்காயும் உட்கார்ந்திருந்தன.

இராஜாங்கம் ஓடிவந்தார். "பாத்தியா? ஒரு மரம் இல்லாம, பாவம், தரையிலயே கிடக்குதுங்க. நம்ம வயல்ல நடுற மாதிரி பறவைத் தாங்கி நட்டுட்டேன். உன் பறவைதான் இன்னும் பழகல, மத்ததெல்லாம் வந்துருச்சு. நீ சொன்னபடி கூடுங்ககிட்ட போகவே இல்ல. ரெண்டு நாளா ஒரே கத்தல், இன்னைக்குத்தான் அமைதியாச்சு."

அவள் கூடு கூடாக ஓடிப் பார்த்தாள். ஒரு குஞ்சுகூட இல்லை.

"என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க! நம்ம வயல்ல பருந்து எதுக்குப்பா வந்து உக்காருது?"

"எலி பிடிக்க..." என்றவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

யாரைத் திட்டுவது? சின்ன வயதில் அப்பா தாங்கி அடிக்க, குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றவளே அவள்தான். நாயைச் சொன்னாள், ஆட்டைச் சொன்னாள், இதைச் சொல்லத் தோன்றவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் எல்லாத் தாங்கிகளையும் பிடுங்கி ஆற்றில் எறிந்தார். பிறகு முண்டாசை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, காலிக் கூடுகளுக்கு நடுவே போய் வெறுந்தலையோடு நின்றார்.

"கொத்துங்கடி," என்றார்.

வெகுநேரம் நின்றார். கொத்த ஒன்றும் வரவில்லை.