கன்னியம்மாவின் சிலோன்

மத்தியானச் சோற்றுக்கு மணி அடித்ததும் பெண்கள் ஷெட்டின் பின்பக்கம் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து தூக்கைத் திறப்பார்கள். முதல் கவளம் உள்ளே போவதற்குள் கன்னியம்மா ஆரம்பித்துவிடுவாள்.

"எங்க சிலோன்ல..."

பேபி பக்கத்திலிருக்கும் ராபியாவின் தொடையைக் கிள்ளுவாள். ராபியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். தினமும் நடக்கும் கூத்து இது.

எண்பத்தாறாம் வருஷம். மண்ணூர்பேட்டையில் தொழிற்பேட்டையை ஒட்டியிருந்த அந்த ஷெட்டில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்தார்கள். மிஷினிலிருந்து சுடச்சுட விழும் மூடியின் பிசிறை பிளேடால் சீவுவது பெண்களின் வேலை. ஆண்களில் நாலைந்து பேருக்கு மட்டும் ஈ.எஸ்.ஐ. அட்டை உண்டு. பெண்கள் எல்லோரும் தினக்கூலி. காய்ச்சல் வந்தால் கைவைத்தியம், கை வெட்டுப்பட்டால் மஞ்சள் தூள்.

கன்னியம்மா ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தபோது கப்பலேறி, மண்டபம் கேம்ப்பில் கிடந்து, புருஷனின் தூரத்து உறவைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தவள். ஆனால் அவள் வாய் மட்டும் கப்பலேறவே இல்லை.

"எங்க சிலோன்ல கூப்பனைக் காட்டுனா ஆளுக்கு வாரம் ஒரு கொத்து அரிசி சும்மா. ஆஸ்பத்திரி சும்மா. பள்ளிக்கூடம் சும்மா."

"சும்மா சும்மான்னு சொல்லிக்கினே கீறியே, காத்தும் சும்மாதானா அங்க?" என்பாள் சொர்ணம். அவளுக்குத் தன் ஊரை யாராவது குறைத்துப் பேசினால் பொறுக்காது. "இங்க மட்டும் இன்னா? ரேஷன்ல பாமாயில் தரான். ஸ்கூல்ல பசங்களுக்கு சோறு போடறான். உங்க ஊர்ல போட்டானா?"

உடனே ராபியா சவுதியை இறக்குவாள். அவள் புருஷன் ஹபிபுல்லா ரியாத்தில் கொத்தனார். "அங்க தண்ணிதான் வெலை ஜாஸ்தி, பெட்ரோல் சீப்பு. வரியே கெடையாதாம்." அப்படியிருந்தும் ராபியா பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து வந்து மூடி சீவுவதேன் என்று யாராவது கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள். "அவர் சம்பாதிக்கிறது ஏஜெண்டுக்கு, நான் சம்பாதிக்கிறது எங்களுக்கு" என்று அவளே சிரிப்பாள்.

இப்படி மூன்று நாடுகளை மரத்தடியில் நிறுத்தி, எடை போட்டு, எச்சில் கையோடு எழுந்திருப்பார்கள். யாருக்கும் அதனால் ஒரு பைசா லாபமில்லை. ஆனாலும் அந்த அரை மணிக்காகத்தான் பேபி காலையிலிருந்து காத்திருப்பாள்.

பேபிக்கு ஏழாம் மாதம் ஆனபோதுதான் சங்கதி மாறியது. புருஷன் பேர் சின்னப்பையன், லாரியில் கிளீனர். வண்டி ஓடினால் காசு, நின்றால் பட்டினி. வீட்டு வாடகை பேபியின் கூலியில்தான் ஓடியது. புடவையை எவ்வளவு இழுத்துச் சொருகினாலும் வயிறு மறைந்துவிடுமா என்ன?

முதலாளி வேலுசாமி கெட்டவரில்லை. ஃபிட்டராக இருந்து கடன் வாங்கி ஷெட் போட்டவர்; ஆயுத பூஜைக்குப் பொரியோடு ஆளுக்கொரு ஜாக்கெட் துணி தருவார். அவர் மெதுவாகத்தான் சொன்னார். "நீ நாளைலர்ந்து நின்னுக்கம்மா. பெத்துட்டு வா. எடம் இருந்தா பாக்கலாம்."

எடம் இருக்காது என்று பேபிக்குத் தெரியும். வாசலில் வேலை கேட்டு நிற்கும் பெண்களைத் தினமும் பார்த்துக்கொண்டுதானே வருகிறாள். தலையை ஆட்டிவிட்டு பிளேடை எடுத்தாள்.

கன்னியம்மா முன்னால் வந்து நின்றாள். "ஐயா, எங்க சிலோன்ல புள்ளத்தாச்சிக்கு பிள்ளைக்காசு குடுப்பாங்க. வேலையும் போவாது. புள்ளையைப் போட்டுட்டு கொழுந்து எடுக்கப் போக பிள்ளை மடுவம் இருக்கும். ஒரு ஆயா பாத்துக்கும், பால் குடுப்பாங்க. வெள்ளைக்காரத் தொரையே குடுத்தது ஐயா."

வேலுசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ்ளோ நல்ல ஊரை உட்டுட்டு இன்னாத்துக்கும்மா இங்க வந்தே?"

ஷெட்டே சிரித்தது. பயத்திலோ என்னவோ, பேபியும் சிரித்தாள்.

கன்னியம்மா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு, சோற்று நேரத்தில் ஒருநாளும் வராத குரலில் சொன்னாள்.

"அரிசி நின்னு போச்சு ஐயா. எழுவத்து நாலுல. மாவும் கெடைக்கல. வேலிக்கீரையை அவிச்சுத் தின்னோம். மடுவத்துல பாலும் நிறுத்திட்டாங்க. என் மூத்தவனுக்கு அப்போ நாலு வயசு. வயித்தால போச்சு, போயிட்டான்."

மிஷின் மட்டும் மூடிகளைத் துப்பிக்கொண்டிருந்தது.

"ஆனா அவன் பொறந்தப்ப பிள்ளைக்காசு குடுத்தாங்க. அந்தக் காசுலதான் அவனுக்கு சட்டை தைச்சேன். அதை மறக்க முடியுமா? பசி இங்கயும்தான் இருக்கு ஐயா, அதைக் கேக்கல. இங்க இல்லாததைத்தான் கேக்குறேன்."

வேலுசாமி வாசலைப் பார்த்தார். சரக்கு ஏற்ற லாரி வந்து நின்றிருந்தது. அப்போது ராபியா பிளேடைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டாள்.

"சவுதில இப்டி குந்திக்கினா புடிச்சு உள்ள போட்டுடுவானாம். நீங்க போட மாட்டீங்கல்ல மொதலாளி?"

சொர்ணமும் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். லாரிக்காரன் ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்து, டீ குடிக்கப் போய்விட்டான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அன்றைக்கு அழாமலே குடித்தார்கள். சாயங்காலம் வேலுசாமி இறங்கி வந்தார். பேறுகாலத்துக்குச் சட்டத்தில் எவ்வளவோ இருந்ததாம், அது அவர்களுக்கு அப்போது தெரியாது. பேபிக்கு ஒரு மாதக் கூலி, திரும்பி வந்தால் அதே வேலை. அவ்வளவுதான். அன்றிரவு பேபி வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

பெண் குழந்தை. மூன்றாம் மாதம் பேபி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அட்டைப்பெட்டி மூலையைக் கூட்டிப் பெருக்கி, பழைய புடவையில் தூளி கட்டி வைத்திருந்தாள் கன்னியம்மா. "இதுதான் பிள்ளை மடுவம்" என்றாள், திறப்பு விழா நடத்துகிற மாதிரி. அடுத்த வருஷம் அங்கே மூன்று தூளிகள் தொங்கின. அன்று சிரித்த வேலுசாமியே வீட்டிலிருந்து ஒரு பழைய டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மடுவத்துல காத்து வருதா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

தொண்ணூற்றொன்றில் ஒரு காலை ஷெட்டுக்கு பேங்குக்காரன் பூட்டுப் போட்டிருந்தான். கடைசி வாரக் கூலி போனது போனதுதான். கன்னியம்மா கோத்தகிரிப் பக்கம் தேயிலை வேலைக்குப் புறப்பட்டாள். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன் புள்ள, எது தேவலைன்னு" என்றாள். வந்து சொல்லவே இல்லை. பேபி அதற்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள்!

இப்போது தொண்ணூற்றேழு. பேபி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறாள். ஈ.எஸ்.ஐ., பி.எஃப்., கேண்டீன் எல்லாம் உண்டு. குழந்தைகள் அறை என்று ஒன்றுகூட உண்டு. சுவரில் யானை, மயில் வரைந்திருக்கும். கதவில் பூட்டுத் தொங்கும். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் திறப்பார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் பேபி வாயைத் திறந்தாலே புதுப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொள்கிறார்கள். "எங்க மண்ணூர்பேட்டைல..." என்று அவளும் ஆரம்பிக்கிறாள். ஷெட்டின் அனலையோ, பிளாஸ்டிக் நாற்றத்தையோ, வராமல் போன கூலியையோ அவள் சொல்வதில்லை. தூளியையும் ஃபேனையும்தான் சொல்கிறாள்.

போன வாரம் சாமுண்டீஸ்வரி என்ற பெண் வேலையை விட்டு நிற்கப் போவதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஐந்து மாதக் குழந்தை. வைத்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. பேபி கையைக் கழுவிவிட்டு நேரே மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"சார், எங்க மண்ணூர்பேட்டைல தகர ஷெட்டுதான். அங்கயே புள்ளைங்களுக்கு எடம் இருந்தது. ஃபேன் இருந்தது."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "அவ்ளோ வசதியை விட்டுட்டு இங்க எதுக்கும்மா வந்தே?"

இந்தக் கேள்வி பேபிக்கு நன்றாகத் தெரியும்.

"அங்க மூடிட்டாங்க சார்" என்றாள். "இங்கயாவது தொறங்க."